கிளப் இன்னும் கடன் வாங்கலாமா? பார்சிலோனா உறுப்பினர் ஓட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்சிலோனா ரசிகன் என்று சொன்ன அடுத்த நிமிடம் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: இவ்வளவு கடனை வைத்துக்கொண்டு மேலும் கடன் வாங்க இவர்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? முதலாளி கொடுக்கவில்லை, ஏனென்றால் முதலாளி என்று ஒருவர் கிடையாது. உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். 2014 முதல் நடந்த அந்த ஓட்டுகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தொகைகள் எல்லாம் யூரோவில், நம் வசதிக்காகக் கோடிக் கணக்கில்.

ஒரு கால்பந்து கிளப் கடன் வாங்க உறுப்பினரை ஏன் கேட்க வேண்டும்?

பார்சிலோனா 1899இல் தொடங்கியது. இன்றுவரை கம்பெனி ஆகவில்லை, சங்கமாகவே இருக்கிறது. பங்கு கிடையாது, லாபத்தைப் பிரித்துக்கொள்வதும் கிடையாது. சுமார் 1.4 லட்சம் உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள், தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பெரிய தீர்மானங்களுக்குச் சம்மதம் கொடுக்கிறார்கள்.

ஸ்பெயினில் இது இப்போது அபூர்வம். 1980களில் அங்கே கிளப்புகள் கண்மண் தெரியாமல் கடன்பட்டன. அதனால் 1990இல் வந்த விளையாட்டுச் சட்டம் தொழில்முறைக் கிளப்புகளைப் பங்கு நிறுவனங்களாக மாறச் சொன்னது. முந்தைய சில ஆண்டுகளின் கணக்கு ஒழுங்காக இருந்தவற்றுக்கு மட்டும் விலக்கு. அப்படித் தப்பியவை நான்கு: பார்சிலோனா, ரியல் மாட்ரிட், அத்லெடிக் பில்பாவோ, ஓசசூனா. கணக்கு சுத்தமாக இருந்ததால்தான் இந்தக் கிளப் உறுப்பினர் கையில் தங்கியது. அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

அத்தனை பேரும் ஒன்றாகக் கூடியா முடிவெடுக்கிறார்கள்?

வழக்கமாக இல்லை. பிரதிநிதிகள் பொதுக்குழு என்று ஒன்று இருக்கிறது, நான்காயிரத்துச் சொச்சம் பேர். இவர்களில் பெரும்பாலானோர் குலுக்கலில் தேர்வாகிறவர்கள். ஆண்டுக் கணக்கு, வரவுசெலவுத் திட்டம், கடன் உச்சவரம்பு எல்லாம் அங்கேதான் ஓட்டுக்கு வரும். கூட்டத்துக்கு வருவது அவர்களிலும் ஒரு பகுதிதான். அதாவது 1.4 லட்சம் பேருடைய கிளப்பின் கடனைச் சில நூறு கைகள் முடிவு செய்துவிடலாம்.

விஷயம் மிகப் பெரியது என்றால் எல்லா உறுப்பினர்களுக்கும் பொது வாக்கெடுப்பு. அரங்கத்துக்கான கடன் அப்படித்தான் போனது.

எந்தெந்த ஓட்டு, எவ்வளவு தொகை?

முதலாவது, 2014 ஏப்ரல் 5. பெட்டிஸ் அணியோடு ஆட்டம் இருந்த சனிக்கிழமை. உறுப்பினர்கள் நேரில் வந்து ஓட்டுப் போட்டார்கள். கிளப்பின் சொந்த அரங்கமான கேம்ப் நௌவையும் சுற்றுப்புறத்தையும் புதுப்பிக்க 60 கோடி செலவு செய்யலாமா என்பது கேள்வி. மூன்றில் ஒரு பங்குதான் கடன். இன்னொரு பங்கு கிளப்பின் சொந்தப் பணம், மற்றொரு பங்கு அரங்கத்துக்குப் பெயர் சூட்டும் உரிமையை விற்று வருவது. 37,000க்கும் மேற்பட்டோர் ஓட்டுப் போட, 72 சதவீதம் பேர் சரி என்றார்கள். அப்புறம் வருடங்கள் ஓடின. பெரிய வேலை எதுவும் தொடங்கவில்லை.

இரண்டாவது, 2021 ஜூன் 20. அவசரப் பொதுக்குழு. கிளப் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரம் அது. 52.5 கோடி வரை கடன் வாங்கிப் பழைய கடன்களை மாற்றி எழுதிக்கொள்ள அனுமதி கேட்டார்கள், கிடைத்தது.

மூன்றாவது, 2021 டிசம்பர் 19. அதே அரங்கத் திட்டம், இந்த முறை 150 கோடி, ஏறக்குறைய முழுக்கக் கடன். ஓட்டு ஆன்லைனில். பதிவான 48,623 ஓட்டுகளில் 42,693 ஆதரவு, 5,055 எதிர்ப்பு, 875 வெற்று ஓட்டு. ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை.

2022 ஜூன் மாதம் நடந்தது கடனுக்கான ஓட்டு இல்லை, ஆனால் கடனின் பங்காளி. தொலைக்காட்சி வருமானத்தில் 25 சதவீதம் வரை விற்க அனுமதி. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஏற்கெனவே கடனில் மூழ்கியவர்கள் இன்னும் 150 கோடிக்கு எப்படித் தலையாட்டினார்கள்?

எல்லாரும் கேட்பது இதைத்தான். கேட்கவும் வேண்டும். 2021 ஆகஸ்டில், மெஸ்ஸி போய்ப் பத்தே நாளில், தலைவர் ஜோன் லபோர்டா பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து கணக்கைத் திறந்து காட்டினார். மொத்தக் கடன் 135 கோடி. சொத்தைவிடக் கடன் 45.1 கோடி அதிகம். சம்பளச் செலவு வருமானத்தில் 103 சதவீதம், அதாவது வருகிற ஒவ்வொரு நூறு யூரோவுக்கும் சம்பளமாகவே 103 போகிறது. நான்கு மாதம் கழித்து அதே உறுப்பினர்கள் அந்தக் கடனைவிடப் பெரிய இன்னொரு கடனுக்குச் சம்மதித்தார்கள்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்ற மனநிலை என்று சிலர் கிண்டல் செய்தார்கள். கொஞ்சம் அதுவும் இருந்திருக்கலாம். ஆனால் வேறு மூன்று காரணங்கள் எனக்கு வலுவாகப் படுகின்றன.

ஒன்று, இது தனிப் பானை என்று சொல்லப்பட்டது. பழைய கடன் சம்பளத்திலும் வீரர்களை வாங்கியதிலும் கரைந்துபோன பணம். புதுக் கடன் அரங்கமாக நிற்கும், அந்த அரங்கம் ஆண்டுக்கு 20 கோடி கூடுதலாகச் சம்பாதிக்கும், அந்தப் பணமே கடனை அடைக்கும். கேட்க நன்றாகவே இருக்கிறது. இப்படிப் பிரித்துப் பார்ப்பது தவறும் இல்லை. தின்று தீர்த்த கடனும் கட்டடம் எழுப்பிய கடனும் ஒன்றாகிவிடாது.

இரண்டு, அரங்கத்தின் வயது. 1957இல் திறந்தது. ஐரோப்பாவின் மற்ற பெரிய கிளப்புகள் சொகுசு இருக்கைகளையும் விருந்து அறைகளையும் வைத்துக் காசு பார்த்துக்கொண்டிருக்க, இங்கே பெரும்பாலான இருக்கைகளுக்குக் கூரைகூட இருக்கவில்லை.

மூன்று, பயம். இதை யாரும் மேடையில் அழுத்திச் சொல்லவில்லை, ஆனால் கூட்டத்தில் எல்லார் மனதிலும் இருந்தது அதுதான் என்று நினைக்கிறேன். கடன் வேண்டாம் என்றால் பணத்துக்கு எங்கே போவது? பங்கு நிறுவனமாக்கி யாருக்காவது விற்க வேண்டிவரும். கிளப் நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்பதற்காகக் கடனுக்குச் சம்மதித்தார்கள். கடன் கட்ட முடியாமல் போனால் கிளப் கைவிட்டுப் போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். புலிவாலைப் பிடித்த கதைதான்.

ஓட்டுப் போடும்போது வட்டி எவ்வளவு என்று தெரியுமா?

தெரியாது. எனக்கு இதில்தான் தீராத மனக்குறை.

உறுப்பினர்கள் அனுமதித்தது ஓர் உச்சவரம்பை: 150 கோடிக்கு மேல் போகக் கூடாது. எந்த வட்டி, எத்தனை தவணை, யாரிடமிருந்து என்பதெல்லாம் பிறகு நிர்வாகம் பேசி முடிப்பது. 2021 டிசம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கியின் வைப்பு வட்டி பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது. அந்த வருடம் பழைய கடனை மாற்றி எழுதியபோது பார்சிலோனாவுக்குக் கிடைத்த வட்டியே 2 சதவீதத்தை ஒட்டித்தான். ஒப்பந்தம் உடனே கையெழுத்தாகவில்லை. 2022இல் உக்ரைன் போர், விலைவாசி, அதைத் துரத்திக்கொண்டு வட்டி உயர்வு. 2023 ஏப்ரலில் இருபது முதலீட்டாளர்களோடு 145 கோடிக்கு ஒப்பந்தம் முடிந்தபோது சராசரி வட்டி சுமார் 5.5 சதவீதம்.

சரி, மூன்றரை சதவீத வித்தியாசம்தானே என்று தோன்றும். ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 145 கோடிக்கு 2 சதவீதம் என்றால் ஒரு வருட வட்டி 2.9 கோடி. 5.5 என்றால் 8 கோடி. வருடத்துக்கு 5 கோடி வித்தியாசம், ஒரு நல்ல நடுக்கள வீரரின் விலை. இதையே நீண்ட தவணையில் பார்த்தால்: 100 யூரோ கடனை 25 வருடத்தில் சமத் தவணையாகக் கட்டினால், 2 சதவீதத்தில் மொத்தம் 128 கட்டியிருப்பீர்கள். 5.5 சதவீதத்தில் 186. வாங்கியது அதே நூறு.

வட்டி ஏறியது லபோர்டாவின் குற்றம் இல்லை. ஆனால் "வட்டி இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் மறுபடியும் எங்களிடம் வாருங்கள்" என்று ஒரு வரி தீர்மானத்தில் இருந்திருக்கலாம். வீட்டுக் கடன் வாங்குகிற யாரும் வட்டி தெரியாமல் கையெழுத்துப் போடுவதில்லை.

முதல் சில வருடம் ஒன்றும் கட்ட வேண்டாம் என்கிறார்களே, அது நல்லதுதானே?

வேலை முடிந்து அரங்கம் சம்பாதிக்கத் தொடங்கும்வரை தவணையைத் தள்ளிப்போடுவது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் கட்டாத வட்டி எங்கேயும் போய்விடாது. பொதுவாகச் சொல்கிறேன்: 6 சதவீத வட்டியில் 100 வாங்கி ஐந்து வருடம் எதுவும் கட்டாமல் விட்டு, வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போனால், ஐந்தாம் வருட முடிவில் கடன் 134 ஆகி நிற்கும். சலுகைக் காலத்தில் வட்டி சேர்கிறதா, தனியாகக் கட்டப்படுகிறதா என்பது பொதுக்குழுவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கேம்ப் நௌவை அடமானம் வைத்துவிட்டார்களா?

இல்லை. அரங்கமோ கிளப்பின் மற்ற சொத்துகளோ ஈடாக வைக்கப்படவில்லை என்று ஒப்பந்தம் முடிந்தபோதே கிளப் அறிவித்தது. கடன் கொடுத்தவர்கள் கண் வைத்திருப்பது அரங்கம் கொண்டுவரும் வருமானத்தின் மேல். மாடு உங்களுடையது, பால் அவர்களுக்கு.

புது வருமானமே கடனை அடைத்துவிடும் என்பதை நம்பலாமா?

பாதி நம்பலாம். கட்டி முடித்த நவீன அரங்கம் கட்டாயம் அதிகம் சம்பாதிக்கும். எப்போது, எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

2021இல் சொன்ன கூடுதல் வருமானம் ஆண்டுக்கு 20 கோடி. 2023இல் அது 24.7 கோடி ஆனது. வட்டி ஏறியதும் எதிர்பார்ப்பும் ஏறியதைக் கவனியுங்கள். அணி 2023இல் மோன்ஜூயிக் மலை மேல் இருக்கும் ஒலிம்பிக் அரங்கத்துக்கு இடம்பெயர்ந்தது. கிளப்பின் 125ஆம் ஆண்டு நிறைவு வரும் 2024 நவம்பரில் வீடு திரும்புவோம் என்றார்கள். திரும்பியது 2025 நவம்பர் 22, அதுவும் சுமார் 45,000 பேர் மட்டும் உட்காரும் அரைகுறை அரங்கத்துக்கு. அத்லெடிக் பில்பாவோவை 4-0 என்று அடித்ததால் அன்றைக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

அதற்குள் இன்னொன்று நடந்தது. வீரர்களைப் பதிவுசெய்ய ஸ்பெயின் கால்பந்து லீக்கின் செலவு வரம்பு இடிக்க, 2025 தொடக்கத்தில் புது அரங்கத்தின் 475 விஐபி இருக்கைகளின் உரிமையைப் பல ஆண்டுகளுக்கு 10 கோடிக்கு விற்பதாகக் கிளப் அறிவித்தது. கடனை அடைக்கும் என்று காட்டிய பானையிலிருந்தே ஒரு கரண்டி. அப்படியானால் அது உண்மையிலேயே தனிப் பானையா?

ரியல் மாட்ரிட்டும் இதையேதானே செய்தது? அங்கே ஏன் சத்தம் இல்லை?

செய்தது, ஆனால் கையில் காசு இருக்கும்போது செய்தது. 2018இல் உறுப்பினர் பிரதிநிதிகள் 57.5 கோடிக்கு அனுமதி கொடுத்தார்கள். 2.5 சதவீத நிலையான வட்டி, ஆண்டுத் தவணை சுமார் 2.95 கோடி, 2049 வரை. பசி எடுப்பதற்கு முன் சமைத்து வைத்த மாதிரி, வட்டி மலிவாக இருந்தபோதே பூட்டிவிட்டார்கள்.

அதற்காக அங்கே எல்லாம் கணக்குப்படி நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2021இல் மேலும் 22.5 கோடிக்கு அனுமதி கேட்டார்கள். 2023இல் மேலும் 37 கோடி. கூட்டினால் 117 கோடி, முதலில் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு முறையும் பிரதிநிதிகள் சரி என்றார்கள், பாதி கட்டிய அரங்கத்தை நிறுத்தவா முடியும்? ரியல் மாட்ரிட்டின் அரங்கமான பெர்னபேயுவின் புது வருமானத்தில் ஒன்று இசை நிகழ்ச்சிகள். சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் வழக்குக்குப் போனதால் 2024 செப்டம்பரில் கச்சேரிகளை நிறுத்தி வைத்தார்கள். வரவுசெலவுத் திட்டம் போடுகிறவர்கள் எதிர்வீட்டு ஜன்னலையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

அரங்கச் செலவு மதிப்பீட்டைத் தாண்டுவது இப்போதுதானா?

கேம்ப் நௌவுக்கு இது பிறவிக் குணம். 1950களில் 6.6 கோடி பெசெட்டாவில் (ஸ்பெயினின் அன்றைய நாணயம்) முடியும் என்று தொடங்கினார்கள். முடிந்தபோது 28.8 கோடி. பழைய லெஸ் கோர்ட்ஸ் மைதானத்தின் நிலத்தை 1960களில் விற்ற பிறகுதான் கடனிலிருந்து தலை நிமிர முடிந்தது. இன்றைக்கு விற்க அப்படி ஒரு பழைய மைதானம் இல்லை.

கடன் வாங்கிய பணம் வேறு வேலைக்குப் போனால்?

ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்பில் நடந்ததைச் சொன்னால் போதும். 2012இல், 125ஆம் ஆண்டையொட்டி, ரசிகர்களுக்கே கடன் பத்திரம் விற்று 1.75 கோடி திரட்டினார்கள், 6 சதவீத வட்டியில். இளம் வீரர்களுக்கான பயிற்சி வளாகம் கட்டப்போவதாகச் சொல்லித்தான் வாங்கினார்கள். பணம் கிளப்பின் மற்ற ஓட்டைகளை அடைக்கப் போய்விட்டது. வளாகம் பின்னால் எழுந்தது, ஆனால் ஒரு தொழிலதிபர் கொடுத்த நன்கொடையால். கடனோ கடனாகவே நின்றது.

எனவே தீர்மானத்தில் "இன்ன வேலைக்கு மட்டும், தனிக் கணக்கில்" என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுந்து நின்று கேளுங்கள். மைக் கொடுக்க மாட்டார்கள் என்றாலும் கேளுங்கள்.

கடனை விட்டால் வழியே இல்லையா?

இருக்கிறது, எதுவும் சும்மா வராது.

சந்தாவை ஏற்றலாம். 1.4 லட்சம் பேரும் ஆளுக்கு 100 யூரோ கூடுதலாகக் கொடுத்தாலும் 1.4 கோடிதான். 145 கோடிக் கடனின் வட்டிக்கே காணாது.

எதிர்கால வருமானத்தை விற்கலாம். பார்சிலோனா 2022இல் செய்தது அதுதான். தொலைக்காட்சி உரிமையில் முதலில் 10 சதவீதம், அடுத்த மாதமே இன்னும் 15, சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு, 25 வருடத்துக்கு. முதல் பத்து சதவீதத்துக்கு 20.75 கோடி. கணக்கில் இது கடன் என்று வராது, வருமானம் என்று வரும். நான் இதைக் கடனைவிட ஒரு படி கீழாகவே வைப்பேன். கடனை முன்கூட்டி அடைக்கலாம், வட்டி குறைந்தால் மாற்றி எழுதலாம். விற்றது விற்றதுதான்.

விசித்திரம் என்னவென்றால், அதற்கு முந்தைய வருடம்தான் லீக் தன் வருங்கால வருமானத்தில் பங்கு கொடுத்து சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்தோடு 50 வருட ஒப்பந்தம் போட்டபோது பார்சிலோனா, ரியல், அத்லெடிக் மூன்றும் "வருங்காலத்தை அடகு வைக்க மாட்டோம்" என்ற தோரணையில் ஒதுங்கி நின்றன.

அமெரிக்காவில் கிரீன் பே பேக்கர்ஸ் கிளப் 2021இல் 300 டாலர் வீதம் பங்கு விற்று அரங்க வேலைக்குப் பணம் திரட்டியது. அந்தப் பங்குக்கு லாபம் வராது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

கிளப் கட்ட முடியாமல் போனால் உறுப்பினர் பாக்கெட்டில் கை வைப்பார்களா?

மாட்டார்கள். 150 கோடியை 1.4 லட்சத்தால் வகுத்து "தலைக்குப் பத்தாயிரத்து எழுநூறு யூரோ கடன்" என்று பயமுறுத்தும் பதிவுகளைப் பார்த்திருப்பீர்கள். கணக்கு சரி, அர்த்தம் தப்பு. உறுப்பினருக்குச் சொந்தப் பொறுப்பு கிடையாது.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு காலத்தில் இருந்தது. 2021இல் லபோர்டாவின் குழு பதவியேற்கும் முன் 12.46 கோடிக்கு வங்கி ஜாமீன் காட்ட வேண்டியிருந்தது. கடைசி நாள்வரை ஆள் தேடி ஓடினார்கள்.

பெரும்பான்மை "வேண்டாம்" என்று போட்டிருந்தால்?

நிர்வாகம் சின்னத் திட்டத்தோடு திரும்பி வந்திருக்கும், அல்லது பதவி விலகியிருக்கும். உறுப்பினர்கள் வெறும் ரப்பர் ஸ்டாம்ப் இல்லை. 2020இல் முந்தைய தலைவர் பார்தொமேயுவுக்கு எதிராக 20,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன, அவரை நீக்குவதற்கான ஓட்டு நடப்பதற்கு முன்பே அவர் அந்த அக்டோபரில் விலகினார். ஆளை இறக்க வரும் கூட்டம் கடன் தாளைப் படிக்க வருவதில்லை, அவ்வளவுதான்.

உறுப்பினர் அட்டை வாங்கினால் நானும் அடுத்த கடனுக்கு ஓட்டுப் போடலாமா?

பொது வாக்கெடுப்பு என்றால், 18 வயது முடிந்து குறைந்தது ஒரு வருடம் உறுப்பினராக இருந்திருந்தால் போடலாம். பொதுக்குழுவில் என்றால் குலுக்கலில் பெயர் வர வேண்டும், வந்தால் நிதி அறிக்கை கையில் கிடைக்கும். பக்கங்கள் ஏராளம், எழுத்து பொடி. கடன் பகுதியில் "எப்போது கட்ட வேண்டும்" என்ற அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்.